நோயாளியின் சான்றும் மருத்துவரின் அளவுகோலும்

திருக்குறளில் 'மருந்து' என்பது தொண்ணூற்றைந்தாம் அதிகாரம். அதிலுள்ள குறட்பாக்களுட் பெரும்பாலானவை உணவையும் அதன் சமிபாட்டையும் பற்றியனவே. நோயின் பெரும்பகுதி வயிற்றிலே தொடங்குகின்றதென்பது வள்ளுவர் கருத்துப்போலும். அவ்வதிகாரத்தின் இறுதிக் குறள் மருத்துவத்துக்கு உறுப்புக்கள் நான்கு என வகுக்கின்றது. நோயுற்றவன், மருத்துவன், மருந்து, அருகிருந்து துணைசெய்வோன் என்னும் அந்நான்கினுள் நோயுற்றவனே முதலில் வைக்கப்பட்டிருத்தல் சிந்திக்கற்பாலது.

கடந்த இரு நூற்றாண்டுகளில் மருத்துவம் அடைந்த வளர்ச்சி கருவிகளின் வளர்ச்சியாகும். 1868இல் வுண்டர்லிக் என்னும் ஜேர்மன் மருத்துவர் காய்ச்சலை வெப்பமானியால் அளந்து ஆராய்ந்து நூலொன்று வெளியிட்டார். 1895இல் றொன்ஜன் எக்ஸ்கதிரைக் கண்டுபிடித்தார். 1957இல் அமெரிக்காவிலே ஹிர்ஷோவிற்ஸ் என்பார் வளையத்தக்க கண்ணாடியிழைகளாலான அகநோக்கியைச் செய்து காட்டினார். இரைப்பையின் உட்புறத்தைக் கண்ணாற் காண்பது அதனால் எளிதாயிற்று. இக்கருவிகளால் விளைந்த நன்மை அளவிறந்தது. எனினும் அவற்றோடு ஒரு குறையும் வந்து சேர்ந்தது. கருவி காட்டுவதே மெய், நோயாளி கூறுவது வெறும் முறைப்பாடு என்னும் எண்ணம் மெல்ல மெல்ல வேரூன்றியது. அவ்வெண்ணத்தைத் திருத்தி, நோயாளியின் கூற்றையும் எண்ணத்தக்க, ஒப்பிடத்தக்க சான்றாக ஆக்குவதற்கு எழுந்த முயற்சியே நோயாளர் தாமே விடையிறுக்கும் நோய்க்குறி வினாக்கொத்துக்களாகும். சமிபாட்டு மருத்துவத்தில் அவை எவ்வாறு தோன்றின, எவ்வாறு பயன்படுகின்றன, அவற்றின் எல்லை யாது என்பவற்றை இக்கட்டுரை விளக்கும்.

முறிந்த எலும்பை எக்ஸ்கதிர் காட்டும். காய்ச்சலை வெப்பமானி காட்டும். வயிற்று நோவைக் காட்டுங் கருவி யாதுமில்லை. குமட்டல், பொருமல், நெஞ்செரிவு, மலங்கழித்த பின்னும் முற்றக் கழியாதது போன்ற உணர்வு ஆகிய யாவும் உற்றவர் ஒருவரே அறியத்தக்கவை. மேலும், சமிபாட்டுச் சிகிச்சை நிலையங்களை நாடி வருவோருட் பலரிடம் அகநோக்கியோ இரத்தப் பரிசோதனையோ எக்குறையையுங் காண்பதில்லை. குடலெரிச்சல் நோய் என வழங்கப்படுவது இத்தகையதே. குடலிற் புண்ணில்லை, கட்டியில்லை. ஆயினும் நோவுண்டு, வயிற்றோட்டமோ மலச்சிக்கலோ உண்டு. பரிசோதனை யாவும் முடிந்தபின் 'உமக்கு ஒன்றுமில்லை' என்று கூறக் கேட்டு வீடு திரும்பும் ஒருவரின் நிலையை எண்ணிப் பார்த்தல் வேண்டும். நோவோ அவரை விட்டு நீங்கவில்லை. அவர் சொல்லோ நம்பப்படவில்லை. நோயினும் அந்நம்பிக்கையின்மை அவரை மிகுதியாக வருத்தும்.

இதனோடு நாணமும் சேர்கின்றது. மலத்தின் தன்மையையும் எண்ணிக்கையையும் அந்நியர் ஒருவர்முன் வாய்விட்டுரைக்கப் பெரும்பாலோர் கூசுவர். ஒரு மருத்துவர் கேட்பதை மற்றொருவர் கேளாது விடுவதும் உண்டு. சென்ற மாதத்து நிலையை இன்று நினைவிற்கொண்டு ஒப்பிடுவதும் எளிதன்று. எல்லாரிடமும் ஒரேவகையாக, ஒரே ஒழுங்கிலே, ஒரே சொற்களாற் கேட்கப்படும் வினாக்கள் இக்குறைகளைப் பெரிதும் நீக்கும். வாயாற் சொல்லக் கூசுவதைத் தாளிலே குறித்துக் காட்டுவது பலர்க்கு எளிது.

இத்துறையில் வழிகாட்டியாய் அமைந்த ஆய்வொன்று இங்கிலாந்தின் பிறிஸ்டல் நகரிலே நிகழ்ந்தது. மானிங், தொம்சன், ஹீற்றன், மொரிஸ் என்னும் நால்வர் அதனை 1978இல் பிரித்தானிய மருத்துவ சஞ்சிகையில் வெளியிட்டனர். வயிற்று நோவாலோ மலங்கழிக்கும் வழக்கத்தில் ஏற்பட்ட மாற்றத்தாலோ சிகிச்சை நிலையத்துக்கு அனுப்பப்பட்ட 109 நோயாளருக்குப் பதினைந்து நோய்க்குறிகளைப் பற்றிய வினாக்கொத்தொன்றை அவர்கள் வழங்கினர். அப்போது எவருடைய நோயும் இன்னதெனத் துணியப்படவில்லை. பதினேழு முதல் இருபத்தாறு மாதங்கள் கழிந்தபின் மருத்துவக் குறிப்பேடுகளைப் புரட்டிப் பார்த்தபோது, 32 பேருக்குக் குடலெரிச்சல் நோயென்றும் 33 பேருக்கு உறுப்பிற் பழுதுடைய வேறு நோயென்றும் உறுதியாகியிருந்தது. இவ்விரு சாராரும் முன்னர் எழுதிக் கொடுத்த விடைகள் ஒப்பிடப்பட்டன. வயிறு ஊதுதல், மலங்கழித்ததும் நோவு தணிதல், நோவு தொடங்கும்போது மலம் இளகுதல், அப்போது மலங்கழிக்கும் தடவைகள் கூடுதல் என்னும் நான்கு குறிகளும் குடலெரிச்சல் நோயாளரிடமே மிகுதியாகக் காணப்பட்டன. அக்குறிகள் ஒருவரிடம் எத்துணை மிகுதியாகச் சேருமோ அத்துணைக்கு அவர் நோய் அதுவேயாதல் கூடும் என்பதும் புலனாயிற்று.

இவ்வாய்வின் சிறப்பு யாது? அதற்குமுன் குடலெரிச்சல் நோயென்பது மற்றெல்லா நோய்களும் இல்லையெனக் கழித்தபின் எஞ்சுவதற்கு இட்ட பெயராகவே பெரிதும் இருந்தது. நோயாளி கூறுவதை ஒழுங்காகக் கேட்டால் அக்கூற்றே நோயை உடன்பாட்டு முகமாகக் காட்டும் என்பதை மானிங் குழுவினர் நிறுவினர். 'இஃது இல்லை, அஃது இல்லை' என்று கூறிய மருத்துவம் 'உமக்குள்ளது இது' என்று கூறத் தொடங்கியது. 1988இல் உரோம் நகரிற் கூடிய அறிஞரின் முயற்சியிலிருந்து வளர்ந்து, 2016இற் புதுப்பிக்கப்பட்ட உரோம் நியமங்கள் இவ்வழியைப் பின்பற்றியனவே. அவற்றின்படி, கடந்த மூன்று மாதங்களிலே சராசரி வாரத்துக்கு ஒரு நாளாயினும் வயிற்று நோவு இருத்தலும், அந்நோவு மலங்கழித்தல், அதன் எண்ணிக்கையின் மாற்றம், அதன் தன்மையின் மாற்றம் என்னும் மூன்றனுள் இரண்டோடேனும் தொடர்புறுதலும், தொல்லை தொடங்கி ஆறு மாதமேனும் ஆகியிருத்தலும் வேண்டும்.

வினா எப்போதும் சொல்லாகவே இருத்தல் வேண்டுமென்பதில்லை. மலத்தின் தன்மையை விவரிக்கச் சொற்கள் போதாமையையும், சொல்வோர் கூசுவதையும் கண்ட பிறிஸ்டல் ஆய்வாளர் அதனை ஏழு வகையாக வகுத்தனர். கொட்டைகள்போற் கடினமாய்ப் பிரிந்திருப்பது முதலாம் வகை; முற்றும் நீராய்ப் போவது ஏழாம் வகை. 1997இல் லூயிஸ், ஹீற்றன் என்னும் இருவர் 66 தொண்டர்களைக் கொண்டு இவ்வளவுகோலைச் சோதித்தனர். எக்ஸ்கதிரிற் புலப்படும் சிறு குறிப்பொருள்களை விழுங்கச் செய்து, உணவு குடலைக் கடக்கும் நேரம் அளக்கப்பட்டது. பின்னர் மருந்துகளால் அந்நேரத்தைக் கூட்டியும் குறைத்தும் பார்க்கப்பட்டது. தொண்டர்கள் தாமே குறித்த வகை எண், குடலைக் கடக்கும் நேரத்தின் மாற்றத்தோடு இயைந்து மாறியது. சாதாரண மனிதரின் கண்ணும் எழுதுகோலும் தந்த சான்றுக்கு எக்ஸ்கதிரே சாட்சியாயிற்று. இன்று உலகெங்குமுள்ள சிகிச்சை நிலையங்களில் இவ்வேழு படங்களும் பயன்படுகின்றன.

அதே நகரின் மக்களிடையே ஹீற்றனும் பிறரும் நடத்தி 1992இல் வெளியிட்ட மற்றோர் ஆய்வும் ஈண்டு குறிப்பிடத்தக்கது. 838 ஆண்களும் 1,059 பெண்களும் அதில் இடம்பெற்றனர். நாள்தோறும் ஒருமுறை ஒழுங்காக மலங்கழிப்பதே இயல்பெனப் பலரும் எண்ணுவர். ஆனால் இருபத்துநான்கு மணிநேர ஒழுங்கு ஆண்களுள் நூற்றுக்கு 40 பேரிடமும் பெண்களுள் 33 பேரிடமுமே காணப்பட்டது. கேட்டறியாத வரையில், இயல்பு எதுவென்பதும் ஊகமாகவே இருக்கும் என்பதற்கு இஃது ஓர் எடுத்துக்காட்டு.

நோய் இன்னதென அறிந்தபின் அதன் கடுமையை அறிதல் வேண்டும். இதற்காக மான்செஸ்டர் நகரைச் சார்ந்த பிரான்சிஸ், மொரிஸ், ஹோர்வெல் என்போர் 1997இல் ஓர் அளவுகோலை அமைத்தனர். நோவின் கடுமை, பத்து நாட்களில் நோவிருந்த நாட்கள், வயிற்று ஊதலின் கடுமை, மலங்கழிக்கும் வழக்கத்திலுள்ள அதிருப்தி, வாழ்க்கைக்கு ஏற்பட்ட இடையூறு என ஐந்து வினாக்கள், ஒவ்வொன்றுக்கும் நூறு புள்ளி, மொத்தம் ஐந்நூறு. 75 முதல் 175 வரை இலேசானது. 300 வரை நடுத்தரமானது. அதற்கு மேல் கடுமையானது. ஐம்பது புள்ளி குறைந்தால் உண்மையான முன்னேற்றம் எனக் கொள்ளப்படும். ஒருவர் முதலில் 320 புள்ளியும், சிகிச்சைக்குப் பின் 250 புள்ளியும் பெறுவராயின், அவர் குணமடையவில்லை. ஆனால் கடுமையிலிருந்து நடுத்தரத்துக்கு இறங்கியுள்ளார். 'கொஞ்சம் பரவாயில்லை' என்னும் சொல்லினின்று பெறமுடியாத தெளிவு இவ்வெண்ணிலே கிடைக்கின்றது.

குடலிற் புண்ணும் அழற்சியும் உண்டாகும் நோய்களிலும் நோயாளியின் கூற்று அளவுகோலாயிற்று. 1932இல் நியூயோர்க் நகரிற் குரோனும் அவர் தோழரும் விவரித்த குரோன் நோய் அத்தகையது. அதன் கடுமையை அளக்க 1976இல் அமெரிக்காவிலே பெஸ்ற் என்பவரும் பிறரும் எட்டுக் கூறுகள் கொண்ட சுட்டெண் ஒன்றை வகுத்தனர். அவற்றுள் நீர்த்த மலத்தின் எண்ணிக்கை, வயிற்று நோவு, பொதுவான உடல்நலம் என்னும் மூன்றையும் நோயாளி ஏழு நாட்களுக்கு நாட்குறிப்பில் எழுதிவருதல் வேண்டும். மொத்தம் 150இற்குக் குறைந்தால் நோய் அடங்கியதாகவும், 450இற்கு மேற்பட்டால் மிகக் கடுமையாகவும் கொள்ளப்படும். ஏழு நாட் குறிப்பும் கணக்கும் சிகிச்சை நிலையத்துக்குச் சுமையாயினமையின், 1980இல் பிறிஸ்டலைச் சார்ந்த ஹாவி, பிராட்சோ என்போர் ஒருநாள் நிலையை மட்டுங் கேட்கும் எளிய முறையொன்றைத் தந்தனர்.

இவை நோயை அளந்தன. நோயோடு வாழும் வாழ்வை அளக்கவில்லை. அக்குறையை நிரப்பியது 1989இற் கனடாவின் மக்மாஸ்டர் பல்கலைக்கழகத்திற் கயற் குழுவினர் வெளியிட்ட வினாக்கொத்தாகும். அதன் 32 வினாக்கள் குடல், உடல், உள்ளம், சமூகவாழ்வு என்னும் நான்கு பகுதியின. ஒவ்வொன்றுக்கும் ஏழுபடி விடை உண்டு. மலசலகூடம் அண்மையில் இல்லையென்ற காரணத்தால் ஒரு வைபவத்துக்குச் செல்லாது விட்டதுண்டா என்பது போன்ற வினாவும் அதில் இடம்பெற்றது. எந்த அகநோக்கியும் காணாத துன்பமன்றோ அது! நீண்ட பஸ் பயணத்துக்கு அஞ்சி உறவினர் திருமணத்தைத் தவிர்ப்பவரும், வகுப்பின் நடுவே எழுந்து செல்ல வெட்கித் தேர்விலே பின்தங்கும் மாணவரும் தம் நோயின் உண்மையான பாரத்தை இத்தகைய வினாக்கள் வாயிலாகவே மருத்துவருக்கு உணர்த்த முடியும்.

வினாக்களைத் தொகுத்துவிட்டால் மட்டும் அளவுகோல் பிறந்துவிடாது. வினாத்தாள் அமைப்போர் இதனை நன்கறிவர். முதலாவதாக, கேட்கப்படுவன நோயாளரே முதன்மையெனக் கருதும் தொல்லைகளாயிருத்தல் வேண்டும். அதற்கு அவர்களையே உசாவுதல் வேண்டும். இரண்டாவதாக, நிலை மாறாத ஒருவர் இன்றும் அடுத்த வாரமும் விடையளித்தால் புள்ளி ஏறக்குறைய ஒன்றாயிருத்தல் வேண்டும். மூன்றாவதாக, அளக்கக் கருதியதையே அது அளத்தல் வேண்டும். கணித வினாத்தாள் மாணவனின் மொழியறிவைச் சோதிக்குமாயின் அது கணிதப் பரீட்சையாகாது. நான்காவதாக, நோயாளி உண்மையிற் குணமடையும்போது புள்ளியும் மாறுதல் வேண்டும். இந்நான்கும் சோதிக்கப்பட்ட பின்னரே ஒரு வினாக்கொத்து நம்பத்தக்கதாகும்.

சொற்களைத் தெரிவதில் மிகுந்த விழிப்பு வேண்டும். நெஞ்செரிவு என்னும் பெயரைக் கூறிக் கேட்டால் அதன் பொருளை வெவ்வேறு நோயாளர் வெவ்வேறாகக் கொள்வர். ஆகவே 1998இற் கால்சன், டென்ற் முதலியோர் வெளியிட்ட வினாக்கொத்து, வயிற்றிலிருந்தோ கீழ்மார்பிலிருந்தோ கழுத்தை நோக்கி எழும் எரிவு என அதனை விவரித்தே கேட்டது. மொழி மாறும்போது இடர் பெருகும். உரோம் நியமங்களின் முந்திய பதிப்பில், நோவு அல்லாத வயிற்று அசௌகரியத்தைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லொன்றும் நோவோடு சேர்க்கப்பட்டிருந்தது. அதற்கு நேரான சொல் சில மொழிகளில் இல்லாமையாலும், வெவ்வேறு மொழிகளில் வெவ்வேறு பொருள் பட்டமையாலும் 2016இல் அது குடலெரிச்சல் நோயின் இலக்கணத்திலிருந்து நீக்கப்பட்டது. தமிழிலும் இவ்விடர் உண்டு. வயிற்றிலெழும் எரிவைக் கேட்க விரும்பி 'வயிற்றெரிச்சல் உண்டா?' என்று எழுதினால், தமிழர் அதனைப் பொறாமையென்றோ மனத்துயரென்றோ கொள்ளக்கூடும். 'வாயு' என்னுஞ் சொல்லோ வயிற்றுப் பொருமல் முதல் மூட்டுநோவு வரை பலவற்றைக் குறிக்கின்றது. எனவே, பிறமொழி வினாக்கொத்தைத் தமிழாக்குவோர் மொழிபெயர்த்ததை மீண்டும் மூலமொழிக்கு மாற்றி ஒப்பிடுதலும், நோயாளர் சிலரிடம் வாசிக்கக் கொடுத்து அவர் கொண்ட பொருளை உசாவுதலும் இன்றியமையாதன. மருத்துவர் மட்டும் செய்துமுடிக்கும் பணியன்று இது. மொழியறிந்தோருக்கும் இதிற் பங்குண்டு.

இனி, இவ்வளவுகோல்களின் எல்லையையும் கூறுதல் முறையாகும். இரைப்பை அமிலம் மேலெழும் நோயை அறிய 2009இல் ஆறு வினாக்கள் கொண்ட வினாக்கொத்தொன்று வெளியாயிற்று. பதினெட்டுக்கு எட்டும் அதற்கு மேலும் பெறுவோரை நோயாளரெனக் கொண்டபோது, நோயுள்ள நூற்றுவருள் ஏறத்தாழ 65 பேரை அது சரியாகக் காட்டியது. நோயில்லாத நூற்றுவருள் 71 பேரைச் சரியாக விலக்கியது. அஃதாவது, நோயுள்ளோருள் மூன்றிலொரு பங்கினர் தப்பினர். நோயற்றோரிற் சிலர் அகப்பட்டனர். பயனுள்ள துணைதான்; தீர்ப்புக் கூறும் நீதிபதியன்று.

குரோன் நோயில் இவ்வெல்லை மேலும் தெளிவாகின்றது. 2010இல் வெளியான சோனிக் என்னும் பெரிய மருந்தாய்வின் தரவுகளை 2014இல் மீளவும் ஆராய்ந்தபோது, சுட்டெண் 150இற்குக் குறைந்து நலமடைந்தவராகத் தோன்றியோருள் ஏறத்தாழ அரைப்பங்கினரிடம் அகநோக்கியோ இரத்தப் பரிசோதனையோ எஞ்சிய அழற்சியைக் காட்டியது. மறுபுறம், அழற்சி அடங்கிய சிலர் இன்னும் நோவோடிருந்தனர். நோவில்லையென்று மருந்தை நிறுத்தினால் உள்ளிருக்கும் புண் குடலை மேலும் அழிக்கும். புண்ணில்லையென்று நோவைப் புறக்கணித்தால் மனிதரின் வாழ்வு அழியும். இதனாலேயே 2015இற் சர்வதேச நிபுணர் குழுவொன்று, நோயாளி கூறும் குறிகள் நீங்குதலும் அகநோக்கியிற் புண் ஆறுதலும் ஆகிய இரண்டையும் ஒருங்கே சிகிச்சையின் இலக்காக வகுத்தது. ஒன்று மற்றொன்றுக்கு ஈடாகாது என்பதே அதன் கருத்து.

அன்றியும், மலத்தோடு இரத்தம் போதல், காரணமின்றி உடல் மெலிதல், விழுங்குதல் கடினமாதல், இரத்தசோகை ஆகியன தோன்றின், புள்ளி எத்துணைக் குறைவாயினும் உடனே பரிசோதனை செய்தல் வேண்டும். புற்றுநோயின் தொடக்கம் சிறு தொல்லையாகவே தோன்றக்கூடும். மொத்தப் புள்ளியை மட்டும் நோக்கித் தனி விடைகளை நோக்காதிருத்தல் ஆபத்தாகும்.

சிகிச்சை நிலையத்தில் இதனைக் கையாளும் முறை எளிது. மருத்துவரைக் காணுமுன் காத்திருக்கும் நேரத்தில் நோயாளி விடைகளைக் குறிக்கின்றார். மருத்துவர் அதனை முந்திய தாளோடு ஒப்பிட்டு, மாறிய இடத்திலிருந்து உரையாடலைத் தொடங்குகின்றார். எழுத வாசிக்க இயலாதோருக்கும் கண்பார்வை குன்றிய முதியோருக்கும் தாதியொருவர் நடுநிலையோடு வாசித்துக் காட்டுதல் வேண்டும். நெதர்லாந்தில் 909 குடலழற்சி நோயாளரைக் கொண்டு நடத்தி 2017இல் வெளியிட்ட ஆய்வொன்றில், ஒரு சாரார் வீட்டிலிருந்தே இணையவழியாகத் தம் குறிகளைத் தெரிவித்தனர். ஓராண்டில் அவர்கள் சிகிச்சை நிலையத்துக்கு வந்த தடவைகளும் வைத்தியசாலையில் அனுமதிக்கப்பட்ட தடவைகளும் மற்றச் சாராரினுங் குறைந்தன. பராமரிப்பின் தரமோ குன்றவில்லை. தொலைவிலுள்ள கிராமத்திலிருந்து ஒருநாட் கூலியை இழந்து வைத்தியசாலைக்கு வருவோருக்கு இது சிறுபயனன்று.

ஆயினும் ஓர் எச்சரிக்கை வேண்டும். நோயாளி நாணத்தை விட்டு எழுதிய விடையை மருத்துவர் நோக்காமலே கோவையிற் சேர்ப்பாராயின், அவ்வினாக்கொத்து இல்லாதிருத்தலே நன்று. மாணவன் விழித்திருந்தெழுதிய விடைத்தாளைத் திருத்தாமலே திருப்பிக் கொடுக்கும் ஆசிரியரின் செயலை அது ஒக்கும். அடுத்தமுறை அம்மாணவன் முயன்று எழுதான். அந்நோயாளியும் உண்மையைச் சொல்லார். கேட்பது என்பது விடையைப் படிப்பதையும் உள்ளடக்கியதே.

ஆதலின், வினாக்கொத்தென்பது மருத்துவரின் அறிவுக்கு மாற்றன்று, அகநோக்கிக்குப் போட்டியுமன்று. அது செவிக்கு ஒரு கருவி. வெப்பமானி காய்ச்சலுக்கு எண் கொடுத்தமைபோல, இது வாய்விட்டுரைக்கக் கூசிய துன்பத்துக்கு எண் கொடுக்கின்றது. அவ்வெண்ணுக்குப் பின்னால் ஒரு மனிதர் இருக்கின்றார் என்பதை மறவாத மருத்துவரிடத்தே அது பெரும்பயன் தரும். மருத்துவத்தின் நான்கு உறுப்புக்களுள் நோயுற்றவரை முதலில் எண்ணிய தமிழ்மரபுக்கு இம்முறை புதியதோர் கருவியேயன்றிப் புதியதோர் கொள்கையன்று.